லெப்டினன்ட் அட்னானின் வரலாறு தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைச் சென்றடைய வேண்டி மனு

அனுப்புநர்:
பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர்,
செந்தூல் வட்டாரத் தமிழ்ப்பள்ளி,
கோலாலம்பூர்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கூட்டரசுப் பிரதேசக் கல்வி இலாகா,
கோலாலம்பூர்.

பொருள்: பிப்ரவரி 14 நினைவு சபைகூடல், தமிழ்க் கையேடு, போர்ட்டிக்சன் கல்விப் பயணம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். காஜாங்கை அடுத்த சுங்கை ராமாலில் 1915இல் பிறந்த அட்னான் பின் சைடி, ஓராண்டுக்கு மேல் ஆசிரியராக இருந்தவர். 1933இல் மலாய் ரெஜிமெண்ட் என்ற படைப்பிரிவு தொடங்கப்பட்டபோது அதில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில், 1942 பிப்ரவரி 14ஆம் தேதி, சிங்கப்பூரின் புக்கிட் சண்டு குன்றை ஜப்பானியரிடமிருந்து காத்து நின்று உயிர்விட்டார். வகுப்பறையை விட்டுப் போர்க்களம் போன அந்த இளைஞரை எங்கள் பிள்ளைகள் தேர்வுத்தாளில் எழுதும் ஒரு பெயராக மட்டுமே அறிந்திருப்பது எங்களுக்கு வேதனை தருகிறது.

அன்று அந்தக் குன்றில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். தலைப்பாகை கட்டிய ஒரு படை குன்றை நோக்கி வந்தது. பார்வைக்கு பிரிட்டிஷ் இந்தியப் படையின் பஞ்சாபி வீரர்கள். நேசப் படையினர்தாம் என்று எவரும் வழிவிட்டிருப்பார்கள். அட்னான் அவர்களுடைய நடையைக் கவனித்தார். பிரிட்டிஷ் இந்தியப் படை மூன்று மூன்று பேராக அணிவகுக்கும். வந்தவர்களோ நான்கு நான்கு பேராக நடந்தார்கள். மாறுவேடத்தில் வந்த ஜப்பானியர் என்று கண்டுகொண்டு அருகில் வரவிட்டுச் சுடச் செய்தார். முதல் தாக்குதல் சிதறியது.

ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பெரும்படை திரண்டு வந்தது. அவரிடம் இருந்ததோ நாற்பத்திரண்டு பேர் கொண்ட ஒரு பிளாட்டூன். பின்னால் இருந்த கால்வாயில் எண்ணெய் பற்றி எரிந்ததால் பின்வாங்கவும் வழியில்லை. தோட்டா தீர்ந்த பிறகு கைகலப்பு. படுகாயம் அடைந்தும் சரணடைய மறுத்த அட்னான், பிடிபட்டுக் குத்திக் கொல்லப்பட்டார். மறுநாள் சிங்கப்பூர் வீழ்ந்தது.

சீருடை இயக்கத்தில் மூன்று வரிசையில் கவாத்துப் பழகும் எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே பிடிபடும். துணிச்சலுக்கு முன்னால் கூர்ந்து பார்க்கும் கண் வேண்டும் என்பதை இதைவிட நன்றாகச் சொல்லும் சம்பவம் எங்களுக்குத் தெரியவில்லை. அதே போரில்தான் இந்தியச் சிப்பாய்களும் இந்த மண்ணில் மாண்டார்கள். எங்கள் தாத்தாக்கள் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அட்னானின் கதையை இன்னொரு இனத்தின் கதை என்று எங்களால் ஒதுக்கிவைக்க முடியாது.

எனவே, ஆண்டுதோறும் பிப்ரவரி 14ஆம் தேதியோ அதற்கு நெருங்கிய பள்ளி நாளிலோ, சபைகூடலில் பத்து நிமிடம் இவ்வரலாற்றைத் தமிழில் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். ஆசிரியர்களுக்கு உதவும் தமிழ்க் கையேடு ஒன்றை இலாகா வெளியிட வேண்டும். எழுதித் தரவும் மெய்ப்புத் திருத்தவும் எங்களிடையே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையிலான மாணவர்களை, மலாய் ரெஜிமெண்ட் பிறந்த ஊரான போர்ட்டிக்சனில் உள்ள தரைப்படை அரும்பொருளகத்துக்கு அழைத்துச் செல்ல பஸ் செலவில் உதவி தேவை. எங்கள் பெற்றோரில் பலர் அன்றாடச் சம்பளக்காரர்கள். சாப்பாட்டுச் செலவைச் சங்கமே பார்த்துக்கொள்ளும்.

இது குறித்துத் தங்களை நேரில் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

நன்றி.

இக்கண்,
பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர்