கொடியும் பாட்டும் போதும், பாடத்துக்கு வருவோம்: வரலாற்றுப் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு வணக்கம்.

வெளிநாட்டுப் பள்ளியோடு இணையவழியில் சேர்ந்து வரலாறு படிப்பது நல்ல யோசனைதான். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? இரு பக்கமும் வணக்கம், கொடி, ஒரு பாட்டு, திரையைப் பார்த்துக் கையசைப்பு. அதற்குள் மணி அடித்துவிடுகிறது. வரலாறு தலைகாட்டுவதே இல்லை.

இரு வகுப்புக்கும் பொதுவான ஒரே ஒரு நிகழ்வைக் கொடுங்கள். ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர்மீது ஜப்பான் நடத்திய தாக்குதலையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மாணவருக்கு அது 1941 டிசம்பர் 7, ஜப்பானிய மாணவருக்கு டிசம்பர் 8. ஹவாயில் ஞாயிறு காலை எட்டு மணி ஆகும்போது டோக்கியோவில் திங்கள் இன்னும் விடியவில்லை. சரி, உலக வரைபடத்தில் நாள் மாறும் தேதிக் கோட்டைக் காட்டினால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். கதை எங்கே தொடங்குகிறது என்பது அப்படித் தீராது. ஒருவர் குண்டுவீச்சிலிருந்து தொடங்குவார். இன்னொருவர் அதற்குச் சில மாதங்கள் முன்பு அமெரிக்கா ஜப்பானுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியதிலிருந்து தொடங்குவார். சீன வகுப்பொன்றும் சேர்ந்திருந்தால், 1937-இல் ஜப்பான் எங்கள்மீது தொடுத்த போரை இருவருமே ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்கும். பாடம் அங்கேதான் சூடு பிடிக்கும்.

இதற்கு நேரலைதான் வேண்டும் என்பதில்லை. டோக்கியோவில் காலை ஒன்பது மணி என்றால் நியூயார்க்கில் முந்தைய நாள் இரவு. எந்தப் பள்ளி திறந்திருக்கும்? இரு தரப்பும் தங்கள் பாடநூல் பக்கத்தைப் பொது ஆவணத்தில் ஏற்றட்டும். அடுத்த தரப்பு ஓரத்தில் கேள்வி எழுதட்டும். பதில் சொல்ல இரண்டு நாள் ஆனால் ஆகட்டும், யோசித்து எழுதுவார்கள். காணொளி அழைப்பெல்லாம் அப்புறம்.

சண்டை வந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம். எழுபது ஆண்டுகளுக்குள் மூன்று முறை போரிட்ட பிரான்சும் ஜெர்மனியும் 2006-இல் பொது வரலாற்றுப் பாடநூலின் முதல் தொகுதியை வெளியிட்டன. அது வேண்டும் என்று 2003-இல் கேட்டவர்கள் பெர்லினில் கூடிய இரு நாட்டு இளையோர்.

ஆசிரியருக்கு இது கூடுதல் சுமை. வீட்டுக்குப் போய்ச் செய்யட்டும் என்று விடாமல், கால அட்டவணையிலேயே பாடவேளை ஒதுக்குங்கள். முடிந்ததும் அறிக்கைக்குப் புகைப்படம் கேட்காமல், மாணவர்கள் எழுதிய கேள்விகளைக் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்