ஒட்டாமல் கொடுத்த கடிதங்கள்

அன்பு மகளுக்கு,

தாளின் தலையில் ‘இயேசு மரி சூசை’ என்று கை தானாக எழுதிவிட்டது. அடித்துவிட மனம் வரவில்லை, அப்படியே இருக்கட்டும். சென்ற ஜனவரியில் நீ மெல்பர்னிலிருந்து வந்திருந்தபோது, மதுரையில் நடந்த எங்கள் குருமடத்துப் பழைய மாணவர் சந்திப்புக்கு என்னைக் காரில் கொண்டுவந்து விட்டாய். திரும்ப அழைத்துப்போக வந்தவள், மண்டபத்து வாசலில் வெகுநேரம் நின்று, தலை நரைத்த நாற்பது பேர் தாங்கள் முழந்தாளில் நின்ற கதைகளைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறாய். ஊருக்குப் போன பிறகுதான் தொலைபேசியில், “ஏம்பா, அங்க எல்லாரும் சேந்து அப்படிச் சிரிக்கிறீங்க, வீட்ல ஒரு வார்த்தை சொன்னதில்லையே?” என்று கேட்டாய். நான் வழக்கம்போலப் பேச்சை மழைக்குத் திருப்பிவிட்டேன். அதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

சாமியாராகப் போகிற பையன்கள் தங்கிப் படிக்கும் சிறு குருமடத்தில் நான் சேர்ந்தது 1971 ஜூன் மாதம். எனக்கு வயது பதின்மூன்று, எட்டாம் வகுப்பு. எங்கள் ஊர்க் கண்மாய் அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளாக நிரம்பவில்லை. தேவ அழைத்தல் என்று பங்குச்சாமி சொன்னதற்கு எனக்குப் பொருள் விளங்கவில்லை என்றாலும், மூன்று வேளைச் சோறு என்று அப்பா சொன்னது விளங்கியது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதைப் பின்னாளில்தான் தெரிந்துகொண்டேன். குருமடங்களை அமைக்கும்படி, ஆயர்கள் கூடிய திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-ல் ஆணையிட்டபோதே, குறைந்தது பன்னிரண்டு வயதான சிறுவர்களைச் சேர்க்கவேண்டும், அவர்களிலும் ஏழை வீட்டுப் பிள்ளைகளையே முதன்மையாகத் தேர்ந்தெடுக்கவேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. ஆகவே நான் சட்டப்படிதான் போயிருக்கிறேன். உன் அப்பத்தா அன்றிலிருந்து கோயிலில் முன்வரிசையில் உட்காரத் தொடங்கினாள்.

காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். மணி கடவுளின் குரல் என்பது அங்கே பாடம். எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு எழவேண்டும். ஒரு மூத்த மாணவர் படுக்கை வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டே ‘பெனெதிக்காமுஸ் தோமினோ’, ஆண்டவரை வாழ்த்துவோம், என்பார். தூக்கத்திலேயே ‘தேயோ கிராசியாஸ்’, இறைவனுக்கு நன்றி, என்று பதில் சொல்லவேண்டும். பூசை தமிழுக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தும், எங்களை எழுப்புவது மட்டும் லத்தீனிலேயே நடந்தது. தியானம், பூசை, கஞ்சி, பக்கத்துப் பள்ளிக்கூடம், திரிகால மணிச் செபம், மாலையில் கட்டாயக் கால்பந்து, தோட்டத்துக்குத் தண்ணீர், செபமாலை, படிப்பு என்று நாள் ஓடும். இரவுச் செபத்தோடு பெரிய மௌனம் தொடங்கும். மறுநாள் கஞ்சி குடித்து முடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கக்கூடாது. பல் வலியில் துடித்த ஒருவன் விடியும்வரை சைகையால் அழுததை நான் பார்த்திருக்கிறேன். சந்திப்பில் அந்தச் சைகையை அவனே செய்து காட்டினான். அதற்குத்தான் நீ கேட்ட சிரிப்புகளில் மிகப் பெரிய சிரிப்பு எழுந்தது.

அங்கே எங்களுக்குப் பெயரைவிட, சலவைத் துணிக்கு இடும் டோபி நம்பர்தான் நிலைத்தது. பனியன், சட்டை, வேட்டி, தலையணை உறை எல்லாவற்றிலும் சிவப்பு நூலால் எண்ணைத் தைத்துக்கொண்டு வரவேண்டும். நான் முப்பத்தொன்று. எனக்குத் தைத்துக் கொடுத்த உன் அப்பத்தாவுக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. அப்பா கரியால் எழுதிக் கொடுத்ததன்மேல் ஊசி ஓட்டினாள். ஒரு பனியனில் மூன்று திரும்பி நின்றது. தேவகோட்டைப் பக்கத்திலிருந்து வந்த இருபத்தேழுதான் அதை முதலில் கண்டுபிடித்து, சலவைக்குப் போகும் முன் பிரித்து, நேராகத் தைத்துக் கொடுத்தான். அவன் அப்பா தையல்காரர். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கமாயிற்று.

பழகுவதற்கும் விதி இருந்தது. ஒருவர் அரிதாக, இருவர் ஒருபோதும் இல்லை, எப்போதும் மூவர் என்பது லத்தீனில் சொல்லப்பட்ட பழைய விதி. உலாவப் போனாலும் மூன்று பேராகத்தான் போகவேண்டும். யாரோடு யார் என்பதையும் அவர்களே சொல்வார்கள். இருவர் அடிக்கடி சேர்ந்து நின்றால் அது ‘தனிப்பட்ட நட்பு’ என்ற குற்றம், ஆங்கிலத்தில் பி.எஃப். என்று சுருக்கிச் சொல்லுவோம். பிற்காலத்தில் கூட்டுறவு வங்கியில் சேர்ந்த முதல் மாதம், மேலாளர் என்னிடம் “உங்களுக்கு பி.எஃப். உண்டு” என்றபோது எனக்கு ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது.

கடிதத்துக்கு வருகிறேன். ஞாயிறு பூசை முடிந்தபின் ஒரு மணி நேரம் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதற்கு என்று இருந்தது. ஆளுக்கு ஒரு இன்லேண்ட் கடிதத்தாள் கொடுப்பார்கள். எழுதி முடித்து, மடித்து, ஒட்டாமல், குருமடத்துத் தலைவரான அதிபர் சாமியின் மேசைமேல் வைக்கவேண்டும். அவர் படித்துவிட்டு, மைதாப் பசை தடவி ஒட்டி அனுப்புவார். வீட்டிலிருந்து வருவதும் பிரிக்கப்பட்டுத்தான் எங்கள் கைக்கு வரும். பசை தடவிய ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்திராத பையன் நான்; மற்றவர்கள் எச்சில் தொட்டு ஒட்டுவதை விடுமுறையில் பார்த்தால் ஏதோ துணிச்சலான காரியம் போலத் தோன்றும். ஒவ்வொரு கடிதத்துக்கும் இரண்டு வாசகர்கள் உண்டு என்பது இரண்டே வாரத்தில் எங்களுக்குப் புரிந்துவிட்டது. நலம், நலமறிய ஆவல், நன்றாகப் படிக்கிறேன், எனக்காக வேண்டிக்கொள்ளவும், ஆட்டுக்குட்டியை விற்றாயிற்றா. இந்த ஐந்து வரியை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் ஓட்டினேன். 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை வந்து பத்திரிகைகளுக்குத் தணிக்கை என்றபோது, நாடு எங்கள் குருமடத்து ஒழுங்குக்கு வந்துவிட்டதாகவே எங்களுக்குள் பேசிக்கொண்டோம்; அதையும் மூவராகத்தான்.

மதியச் சாப்பாட்டின்போது ஒருவர் மேடையில் நின்று புனிதர் வரலாறு வாசிப்பார். மற்றவர்கள் தட்டைப் பார்த்தபடி உண்ணவேண்டும். பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் திருநாள். நம் ஓரியூர் மண்ணில் 1693-ல் வேதத்துக்காகத் தலை வெட்டப்பட்ட குரு அல்லவா, எங்கள் பக்கத்துப் பையன்கள் அன்று கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்போம். சாவுக்கு முந்தைய நாள் சிறையிலிருந்து கரியால் கடிதம் எழுதி அனுப்பினார் என்று வாசிப்பவர் சொன்னபோது, எதிரே இருந்த இருபத்தேழு உதட்டை அசைக்காமல், “அதை அதிபர் படிச்சிட்டுத்தான் அனுப்பிருப்பாரோ?” என்றான். எனக்குப் புரையேறிவிட்டது. அன்று இரவுச் சாப்பாட்டை முழந்தாளில் நின்று சாப்பிட்டேன். எதற்காகச் சிரித்தாய் என்று கேட்டார்கள், சொல்லவில்லை. அதை இங்கே எழுதுவதற்குக் காரணம், ஒருமுறையாவது சொல்லாமல் இருந்திருக்கிறேன் என்று நீ தெரிந்துகொள்ளவேண்டும் என்பதற்காக.

1973 நவம்பர் மழையில் இருபத்தேழுக்குக் காய்ச்சல் கண்டது. பத்து நாள் படுத்திருந்து எழுந்தவன், ஸ்டடி ஹாலில் நோட்டுத் தாளைக் கிழித்துத் தன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினான். எழுதியதை என்னிடம் காட்டினான். கஞ்சியில் வண்டு மிதக்கிறது, அது பரவாயில்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் உன் முகம் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது, பயமாக இருக்கிறது, வந்து கூட்டிக்கொண்டு போ என்று இருந்தது. நான் அதுவரை படித்ததிலேயே உண்மையான கடிதம் அதுதான். வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்துபோகும் பையன் ஒருவனிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொன்னான். நான் வராந்தாவில் காவல் நின்றேன்.

ஒரு கடிதம் வெளியே போயிருக்கிறது என்று எப்படியோ தெரிந்துவிட்டது. யாருடையது என்று தெரியவில்லை. அதிபர் சாமி எங்களை ஒவ்வொருவராக அழைத்தார். அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. கீழ்ப்படிதலின் பேரில் கேட்கிறேன், சகோதரனைத் திருத்துவது அன்பின் கடமை என்று மட்டும் சொன்னார். அவர் மேசைமேல் அந்த வார இன்லேண்டுகள் ஒட்டப்படாமல் அடுக்கியிருந்தன; மேலே என்னுடையது. நான் ஒரே மூச்சில் “இருபத்தேழு” என்றேன். பெயரைச் சொல்லவில்லை, எண்ணைத்தான் சொன்னேன். மூன்றாம் நாள் காலை பெனெதிக்காமுஸ் கேட்டு எழுந்தபோது அவன் படுக்கை சுருட்டப்பட்டிருந்தது. யாரை வெளியே அனுப்பினாலும் பெரிய மௌனத்தில்தான் அனுப்புவார்கள். விடைபெறுதல் கிடையாது, மறுநாள் அவன் பெயரை எடுப்பதும் கிடையாது. அந்த வாரம் சலவையில் அவனுடைய பனியன் ஒன்று என் மூட்டையோடு கலந்து வந்தது. அதை என்ன செய்தேன் என்பது எனக்கு நினைவில்லை. பல நாள் முயன்று பார்த்துவிட்டேன்.

அந்த அதிபரைக் கொடியவர் என்று நீ எண்ணிவிடக்கூடாது. எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது, விடியற்காலையில் தோட்டத்தில் கீழாநெல்லி பறித்து, தாமே அரைத்து, மோரில் கலக்கி, ஒரு மண்டலம் ஊட்டியவர் அவர்தான். உன் அப்பத்தா கடைசிவரை அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவந்தாள். இந்த இரண்டையும் ஒரே மனிதரில் வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பு முடித்து, லத்தீன் வருடத்தையும் முடித்து, 1976-ல் நானாகவே வெளியே வந்தேன். மடத்தைவிட்டு ஓடிவந்தவன் என்ற பேச்சு ஊரில் ஓராண்டு இருந்தது. அப்பத்தா கோயிலில் பின்வரிசைக்குப் போனாள். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புத்தகக் கட்டுக்குள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ல் வெளியிட்ட குருத்துவப் பயிற்சி பற்றிய ஆணை எனக்குக் கிடைத்தது. சிறு குருமடத்துப் பிள்ளைகள் தங்கள் வயதுக்குத் தக்கபடி வாழவேண்டும், சொந்தக் குடும்பத்தோடு உள்ள உறவு அவர்களுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. நாங்கள் உள்ளே போவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டது. அந்த வரியை வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து படித்தேன். வரிசையில் நின்ற ஒருவர் செலானை நீட்டிக்கொண்டே இருந்தார்.

ஜனவரிச் சந்திப்புக்கு இருபத்தேழு வந்திருந்தான். நீலச் சட்டை போட்டு, கம்பு ஊன்றி நின்றவரை நீ பார்த்திருப்பாய். ஐம்பத்திரண்டு வருடம் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன். அவன் ஒலிபெருக்கியை வாங்கி, தான் அனுப்பப்பட்ட கதையைச் சொன்னான். எவனோ ஒரு புண்ணியவான் காட்டிக்கொடுத்தான், அவன் நன்றாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எனக்கு இந்தத் தையல் கடையும் ஆறு பேரப்பிள்ளைகளும் ஏது என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீ வாசலில் நின்றபோது கேட்ட சிரிப்பில் என்னுடையதும் இருந்தது. சாப்பிடும்போது அவன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இன்னும் மூணைத் திருப்பிப் போட்டுத்தான் எழுதுறியா?” என்று கேட்டான். வாய்வரை வந்தது. அதற்குள் பாயசம் ஊற்ற வந்துவிட்டார்கள்.

2004-ல் நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது உன் தோழி எழுதிய கடிதத்தை நான் பிரித்துப் படித்துவிட்டு உன்னிடம் கொடுத்தேன். அதில் ஒன்றுமில்லை, ஒரு சினிமாவைப் பற்றியும் ஒரு டீச்சரைப் பற்றியும் எழுதியிருந்தாள். நீ என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதன் பிறகு நம் வீட்டு முகவரிக்கு உனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை. நீ சென்னையில் விடுதியில் இருந்த நான்கு வருடமும் நான் உனக்கு எழுதியவற்றைச் சர்க்குலர் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாயாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். ஒரு வரி எழுதினால், மேசைக்கு அந்தப்பக்கம் ஒருவர் அதைப் படித்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு எனக்கு விடவில்லை. எழுதி முடித்ததை ஒட்டாமல் உன் அம்மாவிடம் கொடுப்பேன், அவள்தான் ஒட்டுவாள். இதை நீ கவனித்திருக்கிறாயோ என்னவோ.

இதை அவளிடம் கொடுக்கப்போவதில்லை. அவளுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக அல்ல; நேற்று இரவு எல்லாவற்றையும் அவளுக்கு வாயாலேயே சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, “அந்த ஆளுகிட்ட சொன்னீங்களா?” என்றாள்.

அவனுக்கும் ஒரு தாளில் தொடங்கினேன். நலம், நலமறிய ஆவல் என்பதற்குப் பிறகு நான்கு வரிக்கு மேல் போகவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிப் பேருந்தில் தேவகோட்டைக்குப் போகலாம் என்றிருக்கிறேன். கடை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என்று சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் அப்பா