இரண்டாவது தட்டு

தம்பிக்கு அம்மா எழுதுவது.

போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதை அப்புறம் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உனக்குப் பின்னால் புத்தக அலமாரியின் இரண்டாவது தட்டு தெரிந்தது. நான் இங்கிலாந்துக்கு, உன் பாத் நகருக்கு வந்திருந்தபோது ஜார்ஜ் எலியட்டின் ரோமோலா நாவல் மூன்று பாகமும் அங்கேதானே இருந்தது? 1863 முதல் பதிப்பு, ரிவியர் பைண்டிங் பட்டறையில் கட்டிய சிவப்பு ஆட்டுத்தோல் அட்டை. பைண்டிங் சரிபார்க்கக் கொடுத்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றதையெல்லாம் வெயில் படாமல் வை, முதுகு வெளுத்துவிடும். அந்தப் பழைய கன்றுத்தோல் அட்டை என் புடவையில் செங்கல் பொடி மாதிரி ஒட்டியதே, அதற்கு எண்ணெய் கிண்ணெய் தடவாதே.

டிக்கன்ஸ் எழுதிய டேல் ஆஃப் டூ சிட்டீஸை விரித்து, 213 என்று இருக்கவேண்டிய பக்கத்தில் 113 என்று அச்சாகியிருப்பதை என் விரலைப் பிடித்துக் காட்டினாய். 1859இல் முதலில் அச்சான பிரதிகளில்தான் அந்தப் பிழை இருக்கும் என்றாய். ஊருக்கு வந்து எத்தனை பேரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன் தெரியுமா! ஆனால் மூன்று பாக நாவல் அந்தக் காலத்திலேயே 31 ஷில்லிங் 6 பென்ஸ், வாங்க முடியாதவர்கள் மியூடி நூலகத்தில் சந்தா கட்டிப் படித்தார்கள் என்று சொன்னதும் நீதான். அது தெரிந்தும் நீ சம்பளத்தையெல்லாம்... சரி, விடு. வேலையைப் பற்றி நீயாகப் பேசி மூன்று மாதம் ஆகிறது. நானும் கேட்கவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். தாத்தா வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து, காலிகோ துணி ஒட்டிக் கட்டிய அந்த ஐந்து வால்யூம் சரித்திரத் தொடரைக் கரையான் அரித்துவிட்டது என்றேனே, அது பொய். ஒன்பதாவதில் நீ கணக்கில் 38 வாங்கி வந்த கோபத்தில் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். தராசில் ஏற்றும்போது தாத்தா நீல மையில் எழுதிய பாக எண் தெரிந்தது, அப்போதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீ இரண்டு நாள் பரணில் ஏறி, அரித்தது போக மிச்சம் ஏதாவது இருக்குமா என்று தேடினாய். நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ரோமோலாவை விற்றிருந்தால் திட்டமாட்டேன், தம்பி. யாரிடம் கொடுத்தாய் என்று மட்டும் குறித்து வை. என் பென்ஷன் கணக்கில் கொஞ்சம் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. புத்தகங்களை ஜன்னல் பக்கம் வைக்காதே.

அம்மா