பெட்டோர்காவில் குடம் நிறைந்த பிறகு தோப்பு நனையட்டும்

சிலி நாட்டு நீர்வளத் தலைமை இயக்ககத்துக்கு,

வணக்கம். பெட்டோர்கா பள்ளத்தாக்கின் மலைச்சரிவில் அவகாடோ தோப்புகள் பச்சைப்பசேலென்று நிற்கின்றன. கீழே ஆறு வெறும் கல்லும் மணலுமாகக் கிடக்க, வீடுகளுக்குத் தண்ணீர் லாரியில் வருகிறது. 2010 முதல் நீண்ட வறட்சியை யாரும் மறுக்கவில்லை. ஆனால் இனிப் பங்கிட நீரில்லை என்று இந்த ஆற்றை 1997-இலேயே அறிவித்தது நீங்கள்தான்.

ராணுவ சர்வாதிகாரி பினோசே ஆட்சியின் 1981 நீர்ச் சட்டம் தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்து, விலையின்றி, காலவரம்பின்றிக் கொடுத்தது. பெற்றவர் அதை விற்கவும் செய்யலாம். ஏட்டில் ‘வினாடிக்கு 1 லிட்டர்’ என்றால் அற்பமாகத் தெரியும். ஒரு நாளுக்கு அது 86,400 லிட்டர். பெட்டோர்கா மக்களுக்குத் தலைக்கு 100 லிட்டர் தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்ன கணக்கில், 864 பேருக்கான தண்ணீர்.

உறைபனிக் குளிர் பள்ளத்தில்தான் தேங்கும் என்பதால் தோப்புகள் சரிவேறின. மேலே நீர் ஏற்ற ஆழ்துளைக் கிணறு, பெரிய மோட்டார், பிளாஸ்டிக் விரித்த குட்டை எல்லாம் தேவை. அந்த மோட்டார் ஓட ஓடப் பக்கத்துத் தோண்டு கிணற்றில் மட்டம் இறங்குகிறது. சிறு விவசாயிக்கு மேலும் ஆழப்படுத்தப் பணமில்லை. அவர் போடும் பீன்ஸை வறண்ட ஆண்டில் விதைக்காமல் விடலாம். அவகாடோவுக்கு வேர் மேலாகவே ஓடுவதால் ஒரு கோடை காயவிட்டாலும் மரம் போய்விடும். மழை பொய்த்த ஆண்டிலும் தோப்பின் தாகம் குறையாததன் காரணம் இதுதான்.

அந்தச் சட்டத்தின் 2022 திருத்தம் குடிநீருக்கு முதலிடம் தந்தது, நல்லது. புது உரிமைக்கு 30 ஆண்டு வரம்பும் வந்தது. பழைய உரிமைகளோ காலவரம்பின்றியே தொடர்கின்றன. பெட்டோர்காவின் நீர் ஏற்கெனவே அவற்றில்தான் இருக்கிறது.

ஆகவே கேட்கிறோம். வறட்சிப் பகுதியில் நீரை மறுபங்கீடு செய்ய நீர்ச் சட்டத்தின் 314-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தை முழுமையாகப் பயன்படுத்துங்கள். தோப்புக் கிணறு ஒவ்வொன்றிலும் ஓட்டமானியும் நீர்மட்ட உணரியும் பொருத்தி, அளவு தினமும் இணையத்தில் எல்லோருக்கும் தெரியும்படி செய்யுங்கள். மீட்டர் பழுது என்றால் உத்தேசக் கணக்கு வேண்டாம். சரியாகும்வரை மோட்டாருக்குச் சீல் வையுங்கள். ஊர்க் குடிநீர்க் குழுவின் கிணற்றில் மட்டம் இறங்கினால், சுற்றியுள்ள பாசனக் கிணறுகளை முதலில் நிறுத்துங்கள். கோடை தொடங்கி பாசனம் உச்சத்துக்குப் போகும் டிசம்பருக்கு முன்பே இது நடக்கவேண்டும்.