கேரை முதுகில் இருந்த மஞ்சள் குழாய்

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலில் மீன் குறைகிறது, சூரை மீனை (டூனா) எந்த நாடு எவ்வளவு பிடிக்கலாம் என்று ஒதுக்கீடு வரப்போகிறது என்றெல்லாம் உங்கள் பத்திரிகையில் அடிக்கடி படிக்கிறேன். ஆனால் கடலுக்குள் எவ்வளவு மீன் இருக்கிறது என்று யார், எப்படி எண்ணுகிறார்கள் என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கணக்கில் ஒரு மீனை நானே கெடுத்திருக்கிறேன்.

2009 வாக்கில் கொச்சியிலிருந்து கிளம்பிய எங்கள் ஊர்ப் படகு ஒன்றில் இருந்தேன். எங்கள் ஊர் என்றால் தூத்தூர்ப் பக்கம், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம். சுறாவுக்கும் கேரைக்கும் வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடக்கிற ஆட்கள். லட்சத்தீவுக்குத் தெற்கே ஒரு கேரை ஏறியது (மஞ்சள் துடுப்புச் சூரை என்று புத்தகத்தில் போடுவார்களே, அதுதான்). அதன் முதுகில், இரண்டாவது துடுப்புக்குப் பக்கத்தில், சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமனாக ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் குத்தி நின்றது. ஒரு சாண் நீளம்கூட இல்லை. பொடி எழுத்தில் ஆங்கிலமும் ஒரு எண்ணும் இருந்தன. "எவனோ விளையாடியிருக்கான், வெட்டிப் போடுலே" என்றார் படகை ஓட்டும் ஸ்ராங்கு. மீன் ஐஸுக்குள் போனது, குழாய் என் சாவிக்கொத்துக்கு வந்தது.

அது என்னவென்று தெரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் (பல நாடுகள் சேர்ந்த அமைப்பு) 2005-லிருந்து 2009 வரை நடத்திய பெரிய வேலை அது. இரண்டு ஸ்பெயின் படகுகளை வாடகைக்கு எடுத்து, மாலத்தீவுக்காரர்கள் கழியில் தூண்டில் கட்டிச் சுண்டி எடுப்பார்களே, அதே முறையில் மீனை உயிரோடு பிடித்து, மெத்தை போட்ட தொட்டிலில் கிடத்தி, நீளம் அளந்து, குழாயைக் குத்தி, சில நொடிக்குள் திரும்பக் கடலில் விட்டார்கள். அதிகமும் தான்சானியா பக்கத்தில். இந்த இரண்டு படகுகள் விட்டது மட்டும் 1,68,000 மீனுக்கு மேல்! அதில் நூற்றுக்குப் பதினைந்து பதினாறு மீனின் குழாய் திரும்பி வந்தது. சும்மா வரவில்லை, சீஷெல்ஸ் துறைமுகத்தில் பெரிய வலைக் கப்பல்கள் மீன் இறக்கும்போது ஆள் போட்டுத் தேடினார்கள், கொண்டு வந்து கொடுத்தவர்களுக்குப் பரிசும் உண்டு.

கணக்கு பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. குளத்தில் நூறு மீனுக்கு அடையாளம் போட்டு விடுகிறீர்கள். நன்றாகக் கலந்த பிறகு நூறு மீன் பிடித்தால் அதில் ஐந்துக்கு அடையாளம் இருக்கிறது. அப்படியானால் குளத்தில் சுமார் இரண்டாயிரம். கடலில் மீன் சாகும், வளரும், ஓடும், குழாய் கழன்று விழும், அதனால் கணக்கு சிக்கலாகும், ஆனால் அடிப்படை இதுதான். கூடவே விட்ட இடமும் பிடித்த இடமும் தெரிந்தால் பாதை தெரிகிறது, இரண்டு நீளமும் தெரிந்தால் வளர்ச்சி தெரிகிறது. கேரை சின்ன வயதில் மெதுவாக வளர்ந்து அப்புறம் திடீரென்று வேகம் பிடிக்கிறது என்பதை இந்தக் குழாய்கள் நன்றாகவே காட்டிக் கொடுத்தன.

இதில் எனக்கு உறைத்த இடம் ஒன்று உண்டு. ஐந்து அடையாள மீனில் மூன்றை நான் சொல்லாமல் விட்டால், கணக்குப் போடுகிறவர் இரண்டுதான் கிடைத்தது என்று எடுத்துக்கொண்டு ஐயாயிரம் மீன் இருப்பதாக முடிவு கட்டுவார். இல்லாத மீனை நான் உண்டாக்கிவிட்டேன்! இதைச் சரிசெய்ய விஞ்ஞானிகள் ஒரு தந்திரம் செய்கிறார்கள்: கப்பலில் செத்த மீன் சிலவற்றில் யாருக்கும் தெரியாமல் குழாயைக் குத்தி வைத்து, அதில் எத்தனை திரும்பி வருகிறது என்று பார்ப்பார்கள். வலைக் கப்பல்களுக்கு இது ஒத்துவந்தது. நீளக் கயிற்றில் ஆயிரக்கணக்கில் தூண்டில் கட்டிப் போடும் கப்பல்களிடமிருந்து மட்டும் குழாய் திரும்பி வந்தது மிகவும் குறைவு. எங்களைப் போன்ற சின்னப் படகுகளை யார் கேட்டார்கள்?

கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போமா என்பது வேறு விஷயம். குழாயோடு பிடித்த இடத்தையும் சொல்ல வேண்டும். மீன் கிடைத்த இடத்தை எந்தத் தொழிலாளியும் பக்கத்துப் படகுக்காரனுக்கே சொல்ல மாட்டான். அதைவிடப் பயம், பிரிட்டன் வசம் உள்ள டியாகோ கார்சியா தீவுப் பக்கம் போய்ப் படகோடு மாட்டிக்கொண்ட அனுபவம் எங்கள் ஆட்களுக்கு உண்டு. ஜிபிஎஸ் புள்ளியை எழுதிக் கொடுப்பது வாக்குமூலம் கொடுப்பது மாதிரி. ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் இடவிவரம் வழக்குப் போடுகிறவர்கள் கைக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி கொடுக்காமல், குழாயைக் கொடுங்கள் என்று போஸ்டர் ஒட்டிப் பிரயோஜனம் இல்லை.

சரி, பயமில்லாதவனாவது கொடுக்க முடிகிறதா? சில வருடம் முன்பு என் குழாயை ஒரு அலுவலகத்துக்குக் கொண்டு போனேன். அங்கிருந்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது வலை பின்னுகிற ஊசியா?" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

இது முடிந்துபோன கதையும் இல்லை. நம் நாட்டிலேயே இன்காய்ஸும் (ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையம்) இந்திய மீன்வள அளவைத் துறையும் கேரைக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தியிருக்கின்றன, சின்ன மைக் மாதிரி இருக்கும். 2015-ல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டதாகச் சொன்ன கேரையை 2024 மதிப்பீட்டில் ஆணையம் அப்படி இல்லை என்றது. நம் நாட்டுக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்ற பேச்சு இந்த மாதிரிக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறது.

அதனால் நான் கேட்பது இதுதான். தேங்காய்ப்பட்டணம், கொச்சி மாதிரித் துறைமுகங்களில் குழாயை வாங்கிக்கொள்ள ஒரு ஆள், ஒரு போன் நம்பர், தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகை. பிடிக்கிற தம்பிமார் குழாயை வெட்டும் முன் ஒரு போட்டோ எடுத்து, தேதி, ஜிபிஎஸ் புள்ளி, மூக்கு நுனியிலிருந்து வால் பிளவு வரை நீளம், இவ்வளவையும் குறித்து வைத்தால் போதும். செல்போனில் ஒரு நிமிட வேலை.

என் குழாயில் இப்போது கடைசி மூன்று எண்தான் தெரிகிறது, மற்றதெல்லாம் சாவி உரசித் தேய்ந்துவிட்டது.

இப்படிக்கு,
ஆழ்கடலில் இருந்து கரையேறிய தொழிலாளி ஒருவர்,
தூத்தூர்