அலுமாரியைத் திறந்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

முப்பத்தொரு வருடம் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எங்கள் டிவிசன் மரண உதவிச் சங்கத்தின் பொருளாளர். பைல்களை இணையத்தில் வைக்கும் கிளவுட் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், தொழிலாளர் வரவும் சம்பளமும் பதியும் செக்ரோல் எழுதியவன் என்பதுதான் என் பதில்.

போன வருடம் ஒரு தொண்டு நிறுவனம் வீடு திருத்தும் உதவிக்காக எங்கள் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், விபரம் திரட்டியது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்துப் பக்கத்து மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஈ.பி.எப். என்ற சேமலாப நிதி இலக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கடைசிச் சம்பளத் துண்டு என்று எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தார்கள். “எல்லாம் கிளவுட்டில பத்திரமா இருக்கும் ஐயா” என்றார் வந்திருந்த தம்பி. உதவியும் சொன்னபடி கிடைத்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சில மாதம் கழித்து மேல் லயத்து அக்கா ஒருவர் போனைக் கையில் பிடித்தபடி என் வாசலுக்கு வந்தார். கடன் கொடுக்கும் கம்பெனி என்று யாரோ பேசியிருக்கிறார். அக்காவின் வீட்டுக்காரர் பெயர், அவருடைய சம்பளம், எந்த வங்கிக் கிளை என்பது வரைக்கும் சொல்லி, கடன் வேண்டுமா என்று கேட்டாராம். “கிளாக்கரய்யா, அந்த மண்டபத்துல தவிர நான் இந்தத் துண்டை யாருகிட்டயும் குடுக்கலையே” என்றார்.

அங்கிருந்துதான் வெளியே போனது என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. அந்த நிறுவனத்தாலும் இல்லை என்று சொல்ல முடியவில்லை, அதுதான் என் முறைப்பாடு.

பஸ் பிடித்து அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனேன். அந்தத் தம்பி மரியாதையாக உட்காரவைத்து, பிளேன்டீ கொடுத்து, மடிக்கணினியைத் திறந்து காட்டினார். எங்கள் டிவிசன் பெயரில் ஒரு போல்டர். யார் யார் பார்க்கலாம் என்ற பட்டியலில் பதினான்கு பேர். இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், ஒருவர் கட்டாரில் இருக்கிறார். அதற்குக் கீழே ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று ஒரு வரி, அதாவது அந்த லிங்க் கைக்கு வந்த எவரும் திறக்கலாம். படம் பிடிக்க வந்தவர்களின் வசதிக்குப் போட்டதாம், பிறகு எடுக்க மறந்துவிட்டார்களாம். சரி, மூன்று மாதத்தில் இந்தப் படங்களைத் திறந்து பார்த்தது யார் என்று கேட்டேன். பக்கத்தில் ஒரு பட்டையைத் திறந்தார். யார் பைலைச் சேர்த்தார், யார் பெயரை மாற்றினார் என்பதெல்லாம் தேதியோடு இருந்தது. பார்த்தவர் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் வைத்திருந்தது யாரும் இலவசமாக எடுக்கக்கூடிய சாதாரண கூகுள் கணக்கு. “சும்மா பார்த்தா அதுல விழாது ஐயா” என்றார்.

இணைப்பு வழியாக வருகிறவருக்கோ பெயரே கிடையாது. கூகுள் ஷீட்டாக இருந்தால், அவர் உள்ளே இருக்கும் நேரத்தில் மட்டும் ஏதாவது ஒரு மிருகத்தின் பெயரில் மூலையில் தெரிவாராம். எங்கள் தோட்டத்துக்கும் சிறுத்தை வரும்தான். ஆனால் ஆபீஸ் அலுமாரியைச் சிறுத்தை திறந்தது என்று நான் எழுதியிருந்தால் தோட்ட மேனேஜரான பெரிய துரை அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

அந்த அலுமாரிக்கு ஒரு சாவிப் புத்தகம் இருந்தது. நீலப் பைண்டிங், மூலையெல்லாம் கறையான் அரித்தது. யார் சாவி வாங்கினார், எத்தனை மணிக்கு, எந்தப் பைலுக்கு, எப்போது திருப்பிக் கொடுத்தார் என்று நான்கு கோடு. பெரிய கிளாக்கர் சனிக்கிழமை மத்தியானம் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு ஒவ்வொரு வரியாகப் பார்த்து, கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் கோடு இழுப்பார். நாங்கள் செக்ரோல் எழுதிய நீல மைக்கூட்டை அவர் தொடமாட்டார். அவருடைய சிவப்பு மையை எங்களைத் தொடவிடமாட்டார்.

கொழும்பில் கிளவுட் வேலை செய்யும் என் மகளிடம் கேட்டேன். பெரிய கம்பெனிகள் பணம் கட்டி வாங்கும் கிளவுட்டிலும் கதை ஏறக்குறைய இதுதானாம். அமேசான் வாடகைக்குக் கொடுக்கும் கிளவுட்டில் களஞ்சியத்தை உருவாக்கியவர் யார், அனுமதியை மாற்றியவர் யார் என்பது தானாகவே 90 நாளைக்குப் பதிவில் இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் ஒரு பைலை யார் திறந்தார் என்ற பதிவை நாமாகத்தான் போடச்சொல்ல வேண்டும், அதற்குத் தனிக் காசு. கூகுளின் கிளவுட் களஞ்சியத்திலும் படித்தவர் யார் என்ற பதிவு நாம் போடும்வரை அணைந்தே கிடக்கும். அதாவது பூட்டை மாற்றியவர் பெயரை எழுதுவார்கள். அலுமாரிக்குள் கை விட்டவர் பெயரை, கேட்டு வாங்கினால்தான் எழுதுவார்கள். அப்புறம், அந்தப் பதிவை வேறொரு கணக்கில், வேறொருவர் பொறுப்பில் வைக்க வேண்டும் என்றாள் மகள். இல்லாவிட்டால் திருடியவரே தன் வரியை அழித்துவிட்டுப் போகலாம். எனக்கு உடனே சிவப்பு மை ஞாபகம் வந்தது.

எழுதி வைத்தால் மட்டும் போதாது, யாராவது படிக்கவும் வேண்டும். அமெரிக்காவில் கெப்பிட்டல் வன் என்ற வங்கியின் கிளவுட் களஞ்சியத்திலிருந்து சுமார் பத்துக் கோடி அமெரிக்கர்களின் விபரம் 2019 மார்ச்சில் எடுக்கப்பட்டது. வங்கிக்குத் தெரியவந்தது ஜூலையில், அதுவும் வெளியாள் ஒருவர் மின்னஞ்சல் போட்டுச் சொன்ன பிறகு. அவ்வளவு பெரிய வங்கியில் சனிக்கிழமை மத்தியானம் உட்கார ஒரு பெரிய கிளாக்கர் இல்லாமல் போய்விட்டார். அடுத்த வருடம் அதற்கு 8 கோடி டொலர் அபராதம் விதித்தார்கள்.

கிளவுட் வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தைப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவாக மலை இறங்கியபோது ஆட்களோடும் லயங்களோடும் காகிதங்களும் மண்ணுக்குள் போயின. அவற்றுக்கு எங்காவது ஒரு பிரதி இருந்திருந்தால், உயிர் தப்பியவர்கள் அவ்வளவு அலைந்திருக்க மாட்டார்கள். எங்கள் மலையகச் சனத்துக்குக் காகிதம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1948இல் குடியுரிமை போனது, 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்தில் ஆட்களை எண்ணிப் பங்கு பிரித்தார்கள், குடியுரிமை கொடுக்கும் 2003 சட்டம் வரும்வரை எத்தனையோ பேர் நாடில்லாமல் கிடந்தார்கள். தகரப் பெட்டியில், சேலைக்கு அடியில் வைத்துப் பாதுகாத்ததை இன்று யார் கேட்டாலும் மேசையில் எடுத்து வைக்கிறோம். வாங்குகிறவர் தகரப் பெட்டிக்காரியின் கவனத்தில் பாதியாவது காட்ட வேண்டாமா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அதில் இடமுண்டு. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வருவதாக இருந்து, தள்ளிப்போனது. சட்டம் வந்து கதவைத் தட்டும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன? இணைப்பை மூடுவதற்கும், வேலையை விட்டவர் பெயரை அன்றைக்கே எடுப்பதற்கும் ஒரு சதம் செலவில்லை. திறந்தவர் பதிவைப் போட வரும் செலவை, உதவித் திட்டத்தின் பாதீட்டில் பெனருக்கு ஒதுக்கும் காசிலிருந்து எடுக்கலாம்.

அந்தத் தம்பி என் கண் முன்னாலேயே இணைப்பை மூடினார், மூன்று பெயரையும் எடுத்தார். அதற்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அக்காவின் துண்டைப் பார்த்தது யார் என்ற கேள்வி மட்டும் அங்கேயே நிற்கிறது.

அடுத்த மாதம் இன்னொரு நிறுவனம் பாடசாலைப் பிள்ளைகளின் விபரம் எடுக்க வருகிறதாம். மண்டபச் சாவி சங்கத்தின் கையில்தான் இருக்கிறது. மேசை போடுவதற்கு முன்னால் உங்கள் சாவிப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிளாக்கர்,
பொகவந்தலாவை.