மாதுமையின் பெயரைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று இரவு நீ பேத்தியின் பெயரை மாற்றப் போவதைச் சொன்னபோது நான் பேசாமல் இருந்துவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமெல்லாம் இல்லை ராசா, விட்டு விட்டுக் கேட்கிற போனில் பேசி முடிக்கிற காரியமாக எனக்குப் படவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

உன் மகள் மாதுமையின் குடும்பப் பெயரை மாற்றப் போகிறேன், அதோடு சேர்த்து மாதுமை என்பதையும் மாயா ஆக்கிவிடலாம் என்றாய். ஒரே போர்மில் இரண்டையும் எழுதலாம், சரி. ஆனால் எனக்கு அவை இரண்டும் வேறு வேறு.

குடும்பப் பெயரைத் தாராளமாக மாற்று. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று எங்கே இருந்தது? தகப்பன் பெயரை முன்னால் போட்டு எங்கள் பெயரைப் பின்னால் எழுதுவோம், அவ்வளவுதான். நீ கனடாவுக்குப் போனபோது உன் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று பதிந்தார்கள், நாலு வயதில் பிள்ளை அங்கே வந்தபோது உன் பெயரை அவளுக்குக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள், மருமகளுக்கோ அவள் தகப்பனின் பெயர். ஒரு வீட்டுக்குள் மூன்று பேருக்கு மூன்று. விமான நிலையத்தில் இது உங்கள் பிள்ளைதானா என்று கேட்டு நிற்பாட்டினார்கள் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அது மனதுக்குள் கிடந்து அரிக்கிறது.

உன் அப்பாவின் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால் பேப்பரில் எழுதிக் காட்டுவேன், அல்லது நீ பக்கத்தில் நின்று சொல்லுவாய். அந்தப் பெயரால்தான் அங்கே பாங்கிலும் ஆஸ்பத்திரியிலும் உன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இப்போது அது ஒரு ஆறுதல். அவர் இல்லை, ஆனால் எங்கோ ஒருவர் அவர் பெயரைக் கூப்பிட என் பிள்ளை எழும்பிப் போகிறான். பேத்திக்கும் அந்தப் பெயர் வரட்டும்.

ஆனால் ஒன்று, செய்வதை முழுசாகச் செய். என் ஓய்வூதியத்துக்கு நான் பட்ட பாடு உனக்கு முழுதாகத் தெரியாது. கலியாணப் பதிவில் அப்பாவின் பெயரில் ஒரு எழுத்து, அவருடைய வேலைக் கோவையில், அதாவது பைலில், வேறு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்காக இங்கே திருகோணமலை உப்புவெளியிலிருந்து பஸ் ஏறி நாலு தரம் போனேன். கடைசியில் சமாதான நீதவானிடம் போய், இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்த பிறகுதான் கோவை அசைந்தது. அவரோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவள் நான், அவர் அவர்தான் என்று கடதாசியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது. ஒன்ராறியோவில் எந்தப் பெயர் மாற்றினாலும் இங்கே அவளுடைய பிறப்புப் பதிவு பழைய பெயரிலேயே இருக்கும். அதனால் அவர்கள் தருகிற பெயர் மாற்றச் சான்றிதழைப் பத்திரமாக வை, பாஸ்போர்ட், ஹெல்த் கார்ட், பள்ளிக்கூடம் என்று ஒன்றையும் விடாமல் மாற்று. 137 டொலர் கட்டுவதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே.

இனி மாதுமை. மகம் நட்சத்திரத்துக்கு மானா வரிசையில் வைக்கலாம் என்று சாத்திரியார் சொல்ல, நீங்கள் இரண்டு பேரும் பெயர்ப் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்பாதான் கோணேசர் கோயிலில் இருக்கிற அம்மாளின் பெயர் இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று கேட்டார். 1620களில் போர்த்துக்கீசர் கோயிலை இடித்தபோது மண்ணுக்குள் போன சிலைகள் 1950இல் இங்கே கிணறு வெட்டும்போது வெளியே வந்தன, அதில் அம்மனும் இருந்தா. அந்தக் கதையை அப்பா முப்பத்தொன்றாம் நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு விளங்குகிற மாதிரி, முழுவதும் சொன்னார். நீ அப்போது சாப்பாட்டு வேலையில் நின்றாய், கேட்டிருக்க மாட்டாய்.

வகுப்பில் ‘மேத், மேத்’ என்று கணக்குப் பாடத்தைச் சொல்லிக் கேலி செய்கிறார்களாம், ரீச்சருக்கும் வாய் வரவில்லையாம். பிள்ளை அழுதாள் என்றால் எனக்கும் தாங்காது. ஆனால் மாற்ற வேண்டும் என்று கேட்டது அவளா, நீயா? நேற்று முழுக்க நீ உன் பேச்சைத்தான் பேசினாய். அங்கே பன்னிரண்டு வயதாகிவிட்ட பிள்ளையின் பெயரை அவளுடைய சம்மதம் இல்லாமல் மாற்ற முடியாது என்று சட்டமே இருக்கிறது. அவளுக்குப் பதின்மூன்று. பேனையைக் கொடுத்து இங்கே கையெழுத்து வை என்று சொல்லிவிடாதே. உட்காரவைத்து, முப்பத்தொன்றாம் நாள் கதையைச் சொல்லு, பிறகு கேள். அவள் மாயாதான் வேண்டும் என்றால் நான் ஒரு சொல் சொல்லமாட்டேன், மாயா என்றே கூப்பிடப் பழகிக்கொள்வேன். அவள் வேண்டாம் என்றால் நீ அந்த ரீச்சரிடம் போய் மூன்றெழுத்தைச் சொல்லிக் கொடு, அவ்வளவு கஷ்டமில்லை.

பிறப்புப் பதிவுப் பிரதி இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் பக்கத்து வீட்டு மகள் ரொறன்ரோவுக்குத் திரும்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். பேத்தியைக் கேட்டுவிட்டு, அவள் சொன்னதை அவள் வாயாலேயே எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லு. அப்பம்மா காத்துக்கொண்டிருக்கிறா என்று சொல்லு.

அன்புடன்
அம்மா